நகைப்பெட்டி: அம்மாவின் முத்துமாலை அசலா, போலியா?

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அம்மா காலமான பிறகு மூன்று பெண்களும் உட்கார்ந்து நகைகளைப் பிரித்திருக்கிறார்கள். தங்கத்தில் பிரச்னை இல்லை, எடை போட்டுச் சமமாகப் போய்விட்டது. கடைசியில் மிஞ்சியது மூன்று சர முத்துமாலை ஒன்று. பாட்டி தன் கல்யாணத்தில் போட்டது என்று வீட்டில் பேச்சு. மூத்த அக்காவுக்கு அதன்மேல் ஆசை. அதற்காகத் தன் பங்கில் இரண்டு வளையலை விட்டுத் தரவும் தயார். எதற்கும் இருக்கட்டும் என்று தெரிந்த நகைக்கடையில் காட்டினார்களாம். கடைக்காரர் கையில் வாங்கி ஓர் உருட்டு உருட்டிவிட்டு, இது கண்ணாடி முத்து, பூட்டில் இருக்கும் தங்கத்துக்கு வேண்டுமானால் விலை போடுகிறேன் என்று சொல்லிவிட்டாராம்.

அன்றிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. அக்கா இரண்டு தங்க வளையலைக் கொடுத்துக் கண்ணாடி மணியை வாங்குகிறாரா? அல்லது அசல் முத்தைக் கண்ணாடி விலைக்கு யாராவது தட்டிக்கொண்டு போகப் பார்க்கிறார்களா? தங்கைகள் ஒன்று நினைக்க, அக்கா ஒன்று நினைக்க, போன் பேசுவதே குறைந்துவிட்டதாம்.

மாலையின் போட்டோவையும் அனுப்பியிருக்கிறார். போட்டோவைப் பார்த்து முத்தைச் சொல்ல முடியாது. யாராவது சொன்னால் நம்பவும் வேண்டாம். அதே சமயம், கையில் வாங்கி ஓர் உருட்டு உருட்டிச் சொன்னதையும் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நிதானமாக ஒரு பகல் பொழுது ஒதுக்கினால் நீங்களே முக்கால்வாசி தெரிந்துகொள்ளலாம். இதே போன்ற கேள்விகள் பலரிடமிருந்தும் வந்திருப்பதால் இந்த வாரம் முழுக்க முத்துதான்.

கல்ச்சர் என்றால் போலி இல்லை

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். "அசல் இல்லீங்க, கல்ச்சர்தான்" என்று நம் வீடுகளில் சொல்கிறோம். கல்ச்சர் என்றால் ஏதோ டூப்ளிகேட் என்பதுபோல. அப்படி இல்லை.

சிப்பிக்குள் ஏதாவது புகுந்தாலோ, அதன் சதையில் காயம் பட்டாலோ, அந்த இடத்தைச் சுற்றிச் சிப்பி அடுக்கடுக்காக ஒரு பூச்சுப் பூசுகிறது. சிப்பி ஓட்டின் உட்புறம் பளபளக்கிறதே, அதே பொருள்தான். மனிதர் கை படாமல் அப்படி உண்டானால் இயற்கை முத்து. அந்த வேலையை மனிதர் தொடங்கிவைத்தால் அது வளர்ப்பு முத்து. அதாவது, ஓட்டிலிருந்து கடைந்த சிறு மணி ஒன்றையும் வேறொரு சிப்பியின் சதைத் துணுக்கையும் உள்ளே வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். ஆற்றிலும் ஏரியிலும் வளரும் நன்னீர் மட்டியில் பெரும்பாலும் மணிகூட வைப்பதில்லை, சதைத் துணுக்கு மட்டும்தான். இரண்டிலும் பூசுவது சிப்பிதான். ஆகவே வளர்ப்பு முத்தும் முத்துதான். சிப்பியின் வாசலையே பார்க்காத கண்ணாடி, பிளாஸ்டிக் மணிகளுக்கு மேல் பளபளப்புப் பூச்சுக் கொடுத்தது மட்டுமே போலி.

எனவே "அசலா, போலியா" என்பது உண்மையில் இரண்டு கேள்வி. இது முத்தா, இல்லையா? இதற்கு வீட்டிலேயே பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். முத்து என்றால், இயற்கையா வளர்ப்பா? இதற்கு வீட்டில் விடை கிடையாது. எத்தனை அனுபவசாலியான கடைக்காரரானாலும் ஊகம்தான் சொல்ல முடியும். விலையில் பெரிய வித்தியாசம் இருப்பதும் இந்த இரண்டாவது கேள்வியில்தான்.

பாட்டிக்குக் கல்யாணம் எந்த வருஷம்?

மாலையைத் தொடுவதற்கு முன்னால் கல்யாணப் பத்திரிகையைத் தேடுங்கள். வருஷம் முக்கியம்.

ஜப்பானில் மிகிமோட்டோ கோகிச்சி முதன்முதலில் வளர்ப்பு முத்து எடுத்தது 1893ல். அதுவும் ஓட்டில் ஒட்டிய அரைவட்ட முத்து. முழு உருண்டையான வளர்ப்பு முத்துகள் கடைக்கு வந்து பரவியது 1920களில்தான். ஆகவே அதற்கு முன்பே கோத்தது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு மாலையில் இருப்பது நிஜமாகவே உருண்டை முத்துகள் என்றால், அவை இயற்கை முத்தாகத்தான் இருக்க முடியும். 1940ல் கல்யாணம் என்றால் இரண்டுக்கும் வாய்ப்பு உண்டு. 1980ல் ஹைதராபாத் போய் வந்தபோது வாங்கியது என்றால் வளர்ப்பு முத்தாக இருக்கவே அதிக வாய்ப்பு. ஹைதராபாத்தில் கடலே இல்லையே என்று யாரும் கேட்பதில்லை! அந்த ஊரின் பெயர் துளை போடுவதிலும் கோப்பதிலும் வியாபாரத்திலும் வந்தது. ஒரு காலத்தில் அங்கே வந்தது பாரசீக வளைகுடாவின் பஸ்ரா முத்து. பிறகு வந்தது ஜப்பான் முத்து. இன்று பெரும்பாலும் சீனத்து நன்னீர் முத்து.

நம் பக்கத்து முத்துக்கு வருவோம். கொற்கை முத்தைச் சங்கப் பாடல்களும் பேசுகின்றன, கிரேக்க மாலுமிகளின் குறிப்பும் பேசுகிறது. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளிப்பதைச் சலாபம் என்பார்கள். அது வருஷா வருஷம் நடப்பது அல்ல. சிப்பி விளைந்திருந்தால்தான் நடக்கும். இடையில் பல வருஷங்கள் ஒன்றுமே இருக்காது. தூத்துக்குடிப் பக்கம் 1955ல் தொடங்கித் தொடர்ச்சியாக நடந்து, 1961ல் நின்றது. அதோடு சரி. எனவே நெல்லை, தூத்துக்குடி, கீழக்கரை, ராமநாதபுரம் பக்கத்துக் குடும்பங்களில் அதற்கு முன்னால் வாங்கிய முத்து இருந்தால் அதைக் கொஞ்சம் மரியாதையோடு பாருங்கள். 1973ல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் உருண்டையான வளர்ப்பு முத்தை எடுத்துக் காட்டினார்கள். ஆனாலும் ஜப்பான், சீனா போல இங்கே அது பெரும் தொழிலாக வளரவில்லை.

அந்தக் காலத்தில் முத்தைத் தரம் பிரித்தது ஓர் அழகு. பித்தளையில் செய்த பத்துச் சல்லடைகள். முதல் சல்லடையில் 20 துளை, கடைசியில் 1000 துளை. பெரிய முத்து மேலே நிற்கும், பொடிசு கீழே இறங்கிவிடும். அளவு பார்த்த பிறகு உருட்சியும் ஒளியும் பார்த்து, குறையில்லாததை ஆணிமுத்து என்பார்கள். ஒன்றுக்கும் ஆகாத கடைசித் தரம் தூள். அது மருந்துக்குப் போகும். சித்த வைத்தியத்தில் முத்துப் பற்பம் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

பழைய மாலை என்பதாலேயே அசல் என்றும் நினைத்துவிடாதீர்கள். போலி முத்து நேற்று வந்த சரக்கல்ல. பதினேழாம் நூற்றாண்டிலேயே பாரிஸ் நகரத்தில் மெல்லிய கண்ணாடிக் குமிழ்களுக்குள் மீன் செதிலிலிருந்து எடுத்த பளபளப்பைப் பூசி, உள்ளே மெழுகு நிரப்பி விற்றார்கள். கண்ணாடி மணிக்கு மேலே அதே மாதிரிப் பூச்சைப் பல தடவை கொடுத்துச் செய்யும் ஸ்பெயின் நாட்டு மயோர்க்கா முத்துகளுக்கும் நல்ல பெயர் உண்டு. நூறு வயசுப் போலி முத்தும் இருக்கிறது.

ஜன்னல் ஓரத்தில் ஒரு மணி நேரம்

மேஜையில் வெள்ளைத் துணி விரியுங்கள். பகல் வெளிச்சம் வேண்டும். டியூப்லைட்டில் பார்த்தால் எல்லா முத்தும் ஒன்றுபோலத்தான் தெரியும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வேண்டும். கடிகாரம் ரிப்பேர் செய்பவர் கண்ணில் செருகிக்கொள்வாரே, அதுபோல. விலை அதிகமில்லை.

முதலில் வெறும் கண்ணால் பாருங்கள். சிப்பி என்ன அச்சா வைத்திருக்கிறது? பக்கத்துப் பக்கத்து முத்துகளில்கூட நிறத்தில் ஒரு சாயல் வித்தியாசம், உருட்சியில் ஒரு சிறு கோணல், எங்கோ ஒரு சிறு குழி இருக்கும். ஒளி மேலே மட்டும் நிற்காமல் உள்ளிருந்து வருவதுபோல இருக்கும். ஐம்பது முத்தும் ஒரே நிறம், ஒரே அளவு, ஒரு மாசு இல்லை என்றால் சந்தேகப்படுங்கள். சந்தேகப்பட மட்டும்தான், தீர்மானிக்க அல்ல. உயர்ந்த ஜப்பான் முத்துகளை அத்தனை பொருத்தமாகத் தேர்ந்தெடுத்துக் கோப்பார்கள். போலி செய்பவர்களும் வேண்டுமென்றே கோணல் வைக்கக் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

அடுத்தது பல். எல்லாருக்கும் தெரிந்த சோதனை, ஆனால் பலர் தவறாகச் செய்கிறார்கள். முத்தைக் கடிக்கக் கூடாது. ஈரத் துணியால் துடைத்துவிட்டு, மேல் முன்பல்லின் விளிம்பில் மெதுவாக, பக்கவாட்டில் ஒரு தடவை இழுங்கள். முத்து என்றால் மிக மெல்லிய மணல் உரசுவதுபோல நறநறவென்று இருக்கும். அதன் மேல்பரப்பு கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய தகடுகளின் அடுக்கு என்பதே காரணம். கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் வழவழவென்று வழுக்கிக்கொண்டு போகும். பல்செட் போட்டிருப்பவர்கள் இந்தச் சோதனையைப் பேத்தியிடம் விட்டுவிடுவது நல்லது, செட்டில் அந்த உணர்வு வராது.

இயற்கையோ வளர்ப்போ, இரண்டுமே பல்லில் நறநறக்கும். ஆகவே பல் சொல்வது முத்து என்பதை மட்டும்தான். "பல்லுல உரசிப் பார்த்தேன், நேச்சுரல் முத்துதான்" என்று யாராவது விற்க வந்தால் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. பளபளப்புக்காகப் பூச்சுக் கொடுத்த நிஜ முத்து வழவழப்பாக இருக்கும். சில போலிகளின் பூச்சுச் சொரசொரப்பாகவும் இருக்கும். எனவே பல்லோடு நிறுத்தக் கூடாது.

என்னைக் கேட்டால், இருப்பதிலேயே அதிகம் பேசுவது துளைதான். கடைக்காரர் உருட்டிப் பார்த்தார் என்று எழுதியிருந்தாரே, அவர் லென்ஸை வைத்துத் துளையைப் பார்த்தாரா என்றுதான் எனக்கு முதலில் கேட்கத் தோன்றியது. முத்தின் முகத்தை எப்படி வேண்டுமானாலும் அலங்காரம் செய்யலாம். துளைக்குள் யாரும் அலங்காரம் செய்வதில்லை.

நூலில் இரண்டு முத்துகளை மெல்ல விலக்கி, லென்ஸ் வழியாகத் துளையின் வாயைப் பாருங்கள். போலி என்றால் பூச்சு அங்கேதான் முதலில் தோற்கும். பழைய சுவரில் பெயின்ட் உரிவதுபோல ஓரம் பிய்ந்து நிற்கும். உள்ளே கண்ணாடியின் மினுமினுப்போ பிளாஸ்டிக்கின் வெள்ளையோ தெரியும். சில கண்ணாடி மணிகளில் துளையின் விளிம்பு உருகி வழிந்ததுபோல மழுங்கியிருக்கும். முத்தில் விளிம்பு கூர்மையாக, துளை நேராக இருக்கும். கடல் வளர்ப்பு முத்து என்றால், மேலே ஒரு மெல்லிய பூச்சு, அதற்கு உள்ளே வேறு நிறத்தில் ஒரு மணி, இரண்டுக்கும் நடுவில் பென்சிலால் போட்டதுபோல ஒரு கோடு தென்படலாம். இயற்கை முத்தில் அந்தக் கோட்டுக்கு வேலையில்லை. வெங்காயத்தின் அடுக்குபோல உள்ளே போகப் போக வளையங்கள்தான்.

துளையின் அகலமும் பேசும். இயற்கை முத்தை எடை போட்டு விற்றார்கள். துளை பெரிதானால் எடை போகும், எடை போனால் காசு போகும். அதனால் கையால், வில் போட்டு இழுக்கும் துளைக்கருவியால், இரண்டு பக்கமிருந்தும் துளைத்து நடுவில் சேர்ப்பார்கள். மிக மெல்லிய பட்டு நூல் மட்டுமே நுழையும். தடித்த நூல் தாராளமாகப் போகிறது என்றால் பெரும்பாலும் பிற்கால முத்து. ஆனால் பழைய முத்தை மறுபடி கோக்கும்போது துளையைப் பெரிதாக்கியவர்களும் இருக்கிறார்கள், அதையும் மனதில் வையுங்கள்.

லென்ஸ் கையில் இருக்கும்போதே மேல்பரப்பையும் பார்த்துவிடுங்கள். முத்தின்மேல் கைரேகைபோல, அலை ஒதுங்கிய மணல்போல மெல்லிய வரிகள் தெரியும். போலியின் மேல் ஸ்ப்ரே பெயின்ட் அடித்ததுபோலப் பொடிப்பொடிப் புள்ளிகளோ, குமிழ்களோ இருக்கும்.

எடை, குளிர்ச்சி இரண்டும் பிளாஸ்டிக்கைக் காட்டிக்கொடுக்கும். கையில் எடுத்ததும் முத்து ஜில்லென்று இருந்து பிறகுதான் சூடாகும். பிளாஸ்டிக் எடுத்தபோதே வெதுவெதுப்பு, கனமும் இருக்காது. ஆனால் கண்ணாடியும் ஜில்லென்று இருக்கும், கனமாகவும் இருக்கும். அதனால் கண்ணாடி முத்துக்கு இந்தச் சோதனை உதவாது. மெழுகு அடைத்த பழைய கண்ணாடிக் குமிழ் மட்டும் பார்க்கும் அளவுக்குக் கனம் இல்லாமல் இருக்கும்.

செல்போன் டார்ச்சுக்கு முன்னால் முத்தை மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். சில முத்துகள் கண் சிமிட்டுவதுபோல ஒரு தரம் பளிச்சென்றும் ஒரு தரம் மங்கியும் தெரியும். உள்ளே இருக்கும் ஓட்டு மணியின் வரிகள் அவை. மேல்பூச்சு மெல்லிசாக இருக்கும் வளர்ப்பு முத்து என்று அர்த்தம்.

பழைய மாலைகளில் நான் விரும்பிப் பார்க்கும் அடையாளம் ஒன்று உண்டு. கழுத்தோடு ஒட்டிக் கிடக்கும் பக்கத்து முத்துகள் தேய்ந்து, உருண்டை போய் மிருதங்கம் மாதிரி ஆகியிருக்கும். வியர்வையும் உராய்வும் தலைமுறை தலைமுறையாகச் செய்த வேலை. முத்து மிருதுவான பொருள், கரையும், தேயும். கண்ணாடி அப்படித் தேயாது, பூச்சுத்தான் போகும். நடு முத்துகள் உருண்டையாகவும் பின்கழுத்து முத்துகள் ஒடுங்கியும் இருந்தால் அந்த மாலையை யாரோ உண்மையிலேயே வருஷக்கணக்கில் போட்டு வாழ்ந்திருக்கிறார்கள்.

இத்தனையையும் ஒரே ஒரு முத்தில் செய்துவிட்டு முடித்துவிடாதீர்கள். மூன்று சரத்திலும் பத்திருபது இடத்திலாவது பாருங்கள். முன்பக்கம் அசல், பூட்டுக்குப் பக்கத்தில் போலி என்று கோப்பது பழைய வழக்கம். நூல் அறுந்து சிதறியபோது கட்டிலுக்கு அடியில் போன நாலு முத்துக்குப் பதிலாகக் கண்ணாடி சேர்ந்திருக்கலாம். கடைக்காரர் உருட்டிப் பார்த்தது அந்த நாலில் ஒன்றாகவும் இருக்கலாம்.

தங்கப் பூட்டு இருப்பதாலோ, முத்துக்கு முத்து முடிச்சு இருப்பதாலோ முடிவு கட்ட வேண்டாம். பூட்டை மாற்றிவிடலாம். நம் பழைய மாலைகளில் முடிச்சே போடாமல் கோத்தவையும் நிறைய.

செய்யவே கூடாதவை

லைட்டர் கொளுத்திக் காட்டுவது, சூடான ஊசியால் குத்துவது, பிளேடால் சுரண்டுவது, வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ போட்டுப் பார்ப்பது. இவை எல்லாம் யூடியூபில் ஓடிக்கொண்டிருக்கின்றன. முத்து பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். புளிப்பில் போட்டால் நுரைத்துக் கரையும். ஆமாம், அது அசல் என்று தெரிந்துவிடும். தெரிந்த நேரத்தில் அதன் மெருகு போயிருக்கும். கடையில் யாராவது லைட்டரை எடுத்தால் மாலையைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

எக்ஸ்ரேதான் கடைசி வார்த்தை

வீட்டுச் சோதனையில் முத்து என்று தெரிந்து, வருஷமும் பழசாக இருந்தால், அடுத்தது ஆய்வகம். முத்தை உடைக்காமல் எக்ஸ்ரே எடுத்து உள் அமைப்பைப் பார்ப்பார்கள். நடுவில் மணி இருக்கிறதா, வளையங்கள் எப்படிப் போகின்றன என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். மும்பையில் ஜிஐஏ ஆய்வகம் இருக்கிறது. அங்கே முத்துக்கு அறிக்கை தருகிறார்கள். உங்கள் ஊரில் "ஜெம் டெஸ்டிங்" என்று போர்டு மாட்டிய இடத்துக்குப் போனால், முத்துக்கு எக்ஸ்ரே வசதி உண்டா என்று முதலில் கேளுங்கள். இல்லை என்றால் அவர்கள் எழுதித் தரும் சீட்டில் "பேர்ல்" என்று மட்டும்தான் இருக்கும். அது முதல் கேள்விக்கான பதில், இரண்டாவதற்கு அல்ல.

ஹால்மார்க் இருக்கிறதே என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். ஹால்மார்க் முத்திரையும் ஆறு இலக்க எச்யூஐடி எண்ணும் தங்கத்தின் தரத்துக்கு மட்டும். அதில் கோத்திருக்கும் முத்தைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்வதில்லை.

இயற்கையா வளர்ப்பா என்பதில் எத்தனை பணம் இருக்கிறது என்பதற்கு ஒரு கதை. 1917ல் நியூயார்க்கில் கார்ட்டியே நகைக்கடை தன் கட்டடத்தையே இரண்டு சர இயற்கை முத்துமாலை ஒன்றைக் கொடுத்து வாங்கியது. மாலையின் அன்றைய மதிப்பு பத்து லட்சம் டாலர். நாற்பது வருஷம் கழித்து 1957ல் அதே மாலை ஏலத்துக்கு வந்தபோது அதில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. நடுவில் ஜப்பான் முத்து உலகமெங்கும் பரவியிருந்தது. பிறகு காற்று திசை மாறியது. இயற்கை முத்து கிடைப்பதே அரிதாகிவிட, 2007ல் பரோடா அரச குடும்பத்து முத்துகளில் செய்த இரண்டு சர மாலை ஒன்று எழுபது லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. நம் வீட்டு மாலை பரோடா மாலை அல்ல, ஆசைப்பட வேண்டாம். ஆனால் "பழைய முத்துக்கு மதிப்பே இல்லம்மா" என்ற பேச்சையும் நம்ப வேண்டாம்.

சகோதரிகளுக்கு

ஆய்வகச் செலவை மூன்று பேரும் சமமாகப் பகிர்ந்துகொள்ளுங்கள். அறிக்கை வருவதற்கு முன்பே, எந்த முடிவு வந்தால் என்ன செய்வது என்று உட்கார்ந்து பேசி ஒரு தாளில் எழுதிவையுங்கள். வந்த பிறகு பேசினால் பேச்சு வேறு மாதிரி போகும். இயற்கை முத்து என்றால் அதற்கு விலை மதிப்புப் போட்டுத்தான் பங்கு பிரிக்க வேண்டும். இரண்டு வளையல் என்ற கணக்கு தங்கைகளுக்கு அநியாயமாகிவிடலாம். வளர்ப்பு முத்து என்றால் தரம் பார்த்து ஒரு நியாயமான தொகை. போலி என்றால் அக்காவிடம் வளையலை வாங்காதீர்கள். அம்மாவின் நினைவாக மாலையை அப்படியே கொடுத்துவிடுங்கள். ஆசைப்பட்டுக் கேட்டவர் அவர் ஒருவர்தானே.

போலி என்று வந்தால் இன்னொரு பேச்சும் கிளம்பும். நடுவில் யாரோ மாற்றிவிட்டார்கள் என்று. கோக்கக் கொடுத்த ஆசாரி, நாத்தனார், வீட்டு வேலைக்கு வந்தவர் என்று கை நீளும். அதற்கு முன்னால் ஒன்றை யோசியுங்கள். அந்தக் காலத்துப் பெண்களுக்குக் கையில் இருந்த ஒரே சொத்து நகைதான். பையனின் காலேஜ் பீஸுக்கோ, ஒருவரின் ஆபரேஷனுக்கோ அசல் சரத்தை ஓசைப்படாமல் விற்றுவிட்டு, யாரும் கேட்கக் கூடாது என்பதற்காக அதே மாதிரிக் கண்ணாடிச் சரத்தைக் கோத்து மாட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போய்வந்த அம்மாக்கள் இருக்கிறார்கள். கணவருக்குக்கூடத் தெரிந்திருக்காது. பழைய கல்யாண போட்டோவை எடுத்து, லென்ஸ் வைத்து, சரத்தின் எண்ணிக்கையையும் பூட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எந்த வருஷத்துக்குப் பிறகு மாலை மாறியது என்று தெரிந்தால், அந்த வருஷம் வீட்டில் என்ன நடந்தது என்பதும் உங்களுக்கே ஞாபகம் வரலாம்.

பழைய நகையை மாற்றப் போகிறீர்களா?

இது எல்லாருக்கும். பழைய அட்டிகை, ஜிமிக்கி, மாட்டல், புல்லாக்கு, வங்கி என்று எதைக் கொடுத்துப் புது நகை வாங்கினாலும் கடையில் கல் எடை, முத்து எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்கு மட்டும்தான் காசு. அதில் தவறில்லை. ஆனால் கழித்த முத்து யாருக்குச் சொந்தம்? உங்களுக்குத்தான். உருக்குவதற்கு முன்பே உங்கள் கண் முன்னால் பிரித்து, பொட்டலம் கட்டித் தரச் சொல்லுங்கள். நெருப்பில் போனால் முத்து கருகிவிடும்.

முக்கியமாக, பழைய அட்டிகையின் ஓரத்தில் கடுகு கடுகாகக் கோத்திருக்கும் பொடி முத்துகள். பார்க்க ஒன்றுமில்லாததுபோல இருக்கும், முதலில் குப்பைக்குப் போவதும் அதுதான். நூறு வருஷத்து நகை என்றால், அத்தனை பொடி அளவில் அன்றைக்கு யாரும் முத்து வளர்க்கவில்லை. நிஜ முத்தாக இருந்தால் இயற்கை முத்துதான். புல்லாக்கில் ஆடும் ஒற்றை முத்தையும் அப்படியே பத்திரப்படுத்துங்கள். அதே சமயம் பரதநாட்டிய செட்டில் தொங்குவதை எடுத்துக்கொண்டு மும்பைக்கு ரயில் ஏறிவிடாதீர்கள். மேடை நகை மேடைக்காகச் செய்தது, அதில் இருப்பது பெரும்பாலும் கண்ணாடியும் பிளாஸ்டிக்கும்தான்.

கடைசியாக, திருச்சி வாசகி ஒருவர் பூந்திக்கொட்டை ஊறவைத்து முத்து கழுவலாமா என்று கேட்டிருக்கிறார். தங்கத்துக்குச் சரி, முத்துக்கு வேண்டாம். ஊறவைத்தால் நூலும் ஊறி இற்றுப்போகும். போட்டுக் கழற்றியதும் மெல்லிய பருத்தித் துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து துடைத்துவிட்டு, இன்னொரு துணியில் படுக்கவைத்து ஈரம் போக ஆறவிடுங்கள். மஞ்சள் பூசிக் குளிக்கும்போது, சென்ட் அடிக்கும்போது கழுத்தில் முத்து இருக்கக் கூடாது. வைரத் தோட்டோடு ஒரே டப்பாவில் போடாதீர்கள், கீறிவிடும். அடிக்கடி போடுகிற மாலை என்றால் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை நூலை மாற்றிக் கோத்துக்கொள்ளுங்கள். கோக்கக் கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு சரத்திலும் எத்தனை முத்து என்று எண்ணி எழுதிவைத்து, பக்கத்தில் ஒரு ஸ்கேலையும் வைத்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் கூடவே உட்கார்ந்து கோத்து வாங்கி வாருங்கள், ஒரு மதியம்தான் ஆகும்.